ஏரிக்குள் எடுத்த படம்

பாலைவனம் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. தர்மபுரியில் ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் என்று மேடை மேடையாக ஏறி இறங்குகிறவனுக்கு, மனிதத் தலையே இல்லாத ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா? ராஜஸ்தான் போய் மணல்மேட்டில் விடியற்காலை வெளிச்சம் விழுவதை எடுக்க வேண்டும், ஒரு வாரம் யாரையும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். கூட வர ஆள்கூடப் பேசி வைத்திருந்தேன். டிக்கெட் போடுகிற நேரத்தில் என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அதோடு ராஜஸ்தான் போயிற்று.

அதற்குப் பிறகு நாங்கள் போன ஒரே ஊர் சேலம். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாகத் தொப்பூர் கணவாயின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். அறுவை முடிந்தது, கீமோ முடிந்தது. அவளுக்குத் தலைமுடி முழுக்கக் கொட்டியது, வாயில் ருசி போயிற்று, எதைத் தின்றாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். எல்லாம் ஆன பிறகு டாக்டர், "பார்க்கலாம்" என்றார். இதைவிடக் களைத்துப்போன சொல் தமிழில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. வீட்டுக்குப் போ, உட்கார்ந்திரு, அவ்வப்போது வந்து காட்டு. அவள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷக் கோடை எங்கள் மாவட்டத்தைப் போட்டு வறுத்தது. தென்னைகள் தலை முறிந்து வெறும் கம்பமாக நின்றன. போர் போட்ட இடமெல்லாம் புழுதிதான் வந்தது. மொட்டை மாடியில் நின்றால் வத்தல்மலை வெளுத்துப்போன துணி மாதிரித் தெரியும். நான் ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"பாலைவனம் பாக்க ராஜஸ்தான் எதுக்குங்க போவணும்? நம்மூரு ஏரியெல்லாம் அப்படித்தான கெடக்குது. கார எடுங்க, நானும் வரேன். வூட்லயே கெடந்து பைத்தியம் புடிக்குது."

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று நான் ஆராயவில்லை. அப்போதைக்கு எனக்கும் வீட்டை விட்டு ஓடினால் போதும் என்றுதான் இருந்தது. ஒரு நாள் கிழக்கே அரூர் தாண்டித் தீர்த்தமலை, மறுநாள் மேற்கே பென்னாகரம் வழியாக ஏரியூர்ப் பக்கம் என்று முடிவாயிற்று. காய்ந்த ஏரி, கட்டாந்தரை, பாறை, இவைதான் சங்கதி. அதற்கு வேண்டிய அகலமான லென்ஸை எடுத்துப் பையில் வைத்தேன். கூடவே, முகம் எடுக்கிற லென்ஸையும் வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்கு? ஏரிக்கு மூஞ்சி இருக்குதா?"

நான் சும்மா என்றேன். அவள் நம்பவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண மண்டபங்களில் எனக்குக் குடை விளக்குப் பிடித்தவள். எந்த லென்ஸ் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? எனக்கு வேண்டியது அவளுடைய ஒரு படம். தனிப் படம். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து அவள் கேமரா முன்னால் நிற்கவே மாட்டேன் என்றிருந்தாள். அதற்கு முன்னாலும், விளக்குப் பிடிக்கிறவளை யார் படம் எடுத்தார்கள்? எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவர் கல்யாணத்தில் கூட்டத்தோடு நிற்கிற படங்கள்.

எங்கள் தொழிலில் இன்னொரு வேலை உண்டு. அதை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை. வீட்டில் ஒருவர் போய்ச் சேர்ந்ததும் சனங்கள் ஓடி வருவது ஸ்டுடியோவுக்குத்தான். கையில் ஒரு கல்யாணக் கும்பல் படம் இருக்கும். மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிகிறவரைக் காட்டி, இவரை மட்டும் வெட்டிப் பெரிசாகப் போட்டுக் கொடுங்கள், கருமாதிக்கு மாலை போட வேண்டும் என்பார்கள். பக்கத்தில் நிற்கிறவரின் தோளை அழிக்க வேண்டும், பின்னால் இருக்கிற பந்தல் துணியை அழித்து நீல வானம் வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களின் சுண்டு விரல்கூட அந்தப் படத்தில் இருக்கக் கூடாது. இருக்கிறவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எத்தனை முகங்களை இப்படி வெட்டியிருப்பேன்! என் பயம் இதுதான். ஒருநாள் யாராவது இவளுடைய கும்பல் படத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுவார்கள், நானே உட்கார்ந்து இவளை வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் முழுசாக ஒரு படம் வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

தீர்த்தமலைக்குப் போகிற வழி நெடுகிலும் நான் இறங்கி இறங்கிப் படம் எடுத்தேன். அவள் காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாள். ஒரு நல்ல படமும் அமையவில்லை. வெயில் மேலேயிருந்து அடிக்கிறபோது எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் படமும் இல்லை. மலையடிவாரத்தில் இறங்கியதும் அவள் படிகளை அண்ணாந்து பார்த்தாள். என்னால் ஆகாது, நீங்கள் போய்க் கும்பிட்டு வாருங்கள் என்றாள். நீ வராமல் நான் எதற்கு என்றேன். வேண்டிக்கொள்வதெல்லாம் எனக்காகத்தானே, கேட்கிறதைச் சரியாகக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வாங்க ஏறினேன். சன்னிதியில் போய் நின்றால், கேட்க ஒன்றும் வரவில்லை. இதற்கு முன்னால் போகாத கோயில் இல்லை. பிழைக்க வை என்று கேட்டாயிற்று, வலி இல்லாமல் வை என்று கேட்டாயிற்று, என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொள் என்றுகூடக் கேட்டாயிற்று. ஒரே மனுவை எத்தனை முறை கொடுப்பது? எனக்கே சலித்துவிட்டது, சாமிக்குச் சலிக்காதா? தீபாராதனை ஆயிற்று, கண்ணில் ஒற்றிக்கொண்டேன், திருநீறு பூசிக்கொண்டேன். மனசுக்குள் வெறும் இடமாக இருந்தது. அது அமைதி என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவேன். அது களைப்பு, வேறொன்றும் இல்லை.

அந்தக் கோடையிலும் பாறையிலிருந்து தீர்த்தம் விழுந்துகொண்டிருந்தது. அருவி என்றெல்லாம் இல்லை, ஒரு மெல்லிய ஒழுக்கு. கீழே வயலெல்லாம் வெடித்துக் கிடக்க, இந்தப் பாறைக்குள் எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர், தண்ணீர் பிடிக்கிறதானால் பிடியுங்கள், இல்லாவிட்டால் நகருங்கள் சார் என்றார். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தேன். குடித்தாள். என்ன கேட்டீங்க என்றாள். ஒன்றும் கேட்கவில்லை, மறந்துவிட்டது என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பாவம் அந்தச் சாமிக்கும் ஒருநாள் லீவு கிடைக்கட்டும் என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. கேமராவைத் தூக்கப் போனேன். அவள் கையால் முகத்தை மறைத்தாள். கோபம் வந்துவிட்டது எனக்கு.

"ஒரே ஒரு படம்டி. அப்படி என்ன கேட்டுட்டேன்?"

"மால போடறதுக்குத்தான கேக்கறீங்க? நான் இருக்கறேங்க இன்னும். போனப்பறம் எதுல இருந்தாச்சும் வெட்டிக்கங்க."

திரும்பி வருகிற வழியில் படம் எடுக்க நான் எங்கும் காரை நிறுத்தவில்லை. மறுநாள் பயணத்தை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா எல்லாம் எடுத்து வைத்துத் தயாராக இருந்தாள்.

பென்னாகரம் தாண்டி ஏரியூர்ப் பாதையில் திரும்பினதும் நிலம் இன்னும் மோசம். செம்மண் மேடும் கல்லும் சீமைக்கருவேலமும்தான். அந்தக் கருவேலம்கூட மெலிந்திருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குப் படங்கள் நன்றாக விழுந்தன. காலை வெயில் சாய்வாக இருந்தது. உழுது போட்டு விதைக்காமல் விட்ட காட்டில் சால்கள் அப்படியே இறுகிக் கிடந்தன. ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் பாறையும் ஒரு பிளாஸ்டிக் குடமும். இது அழகாக இருக்கிறதே என்று நினைத்தபோதே வெட்கமாகவும் இருந்தது. யாரோ ஒரு குடும்பத்தின் சோறு போன இடம் அது. அதைப் போய் அழகு என்று நான் கோணம் பார்க்கிறேன்.

ஏரியூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஊர். அதன் ஏரிக்கரையில் காரை நிறுத்தியபோது, எதிரே பெண்கள் கும்பலாக வந்தார்கள். இடுப்பிலும் தலையிலும் சட்டி, குண்டான், துணி மூட்டை. ஒப்பாரி மாதிரி ஒன்று பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஏதோ சாவு என்று நினைத்து ஒதுங்கினேன். என் மனைவிதான் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, மழைச்சோறுங்க, சின்ன வயசில் எங்கள் ஊரிலும் எடுப்பார்கள் என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்துப்போனால் எங்கள் பக்கத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பார்கள். வசதி இருக்கிற வீட்டுப் பெண்ணும் சட்டியை ஏந்தத்தான் வேண்டும். யார் வீட்டிலும் உப்புப் போடாத சோறுதான் போடுவார்கள், களிதான் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்பார்கள். தின்று முடித்ததும், இந்த ஊரில் இனிமேல் பிழைக்க முடியாது, நாங்கள் போகிறோம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்கு நடப்பார்கள். ஆண்கள் ஓடிப்போய் மறித்து, மழை வரும், திரும்பி வாருங்கள் என்று கூட்டி வருவார்கள். கும்பிட்டுக் கேட்பது ஒரு வழி. மூட்டை கட்டிக் காட்டுவது இன்னொரு வழி. முந்தின நாள் சன்னிதியில் எனக்கு வாய் வராமல் போனதற்கு இவர்களிடம் பதில் இருக்கிறது என்று தோன்றியது.

அந்தக் கும்பலில் என் மனைவி வயசுப் பெண் ஒருத்தி. நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். காருக்குப் பக்கத்தில் வந்து, நீங்களும் ஏதாவது போடுங்கள் என்று சட்டியை நீட்டினாள். எங்களிடம் சோறு இல்லை, பிஸ்கட்தான் இருந்தது. அதற்குள் காற்றில் என் மனைவியின் தலைத்துண்டு நழுவியது. அந்தப் பெண் தயங்காமல் அந்த மொட்டைத் தலையில் கையை வைத்துத் தடவினாள்.

"எந்தக் கோயிலுக்குங்க மொட்ட?"

"கோயிலுக்கு இல்லீங்க. ஆஸ்பத்திரிக்கு."

இதுவரை யார் கேட்டாலும் தீர்த்தமலை என்றோ பழனி என்றோ சொல்லிச் சமாளித்தவள் அவள். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. அப்படீங்களா என்றாள். பிறகு கார்க் கதவைத் திறந்து, பிஸ்கட் எதுக்கு, எறங்கி வாங்க, நீங்களே வந்து சாப்பிடுங்க, எங்களுக்கும் ஆள் சேரும் என்று தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். வெளிச்சோறு சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்குள் வெடிப்பு விட்ட தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். உப்பில்லாத அந்தக் கலவையை வாயில் வைத்ததும் ஒவ்வொரு முகமும் கோணியது. இளவயசுப் பெண் ஒருத்திக்குக் குமட்டிவிட்டது. என் மனைவி மட்டும் உருண்டை உருண்டையாக வாங்கி விழுங்கினாள். உங்களுக்கு எப்படிங்க இறங்குது என்று கேட்டார்கள். எனக்கு எல்லாச் சோறும் இப்படித்தான் இருக்கிறது என்றாள். அப்புறம் அந்த உயரமான பெண் பாட்டை எடுத்தாள். மழையைத் திட்டுகிற பாட்டு, கேட்கக் கூசுகிற வசவெல்லாம் அதில் உண்டு. மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பாதி நடிப்புத்தான், நடுநடுவே சிரிப்பும் இருந்தது. என் மனைவி நடிக்கவில்லை. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தப் பெண்ணின் மடியில் சாய்ந்து, ஊரே கேட்க வாய்விட்டு அழுதாள். நான் கரையில் நின்றேன். எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும், மறு பக்கம், என் மடி இருக்க யார் மடியிலோ போய் அழுகிறாளே என்று பொறாமையாகவும் இருந்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணா, போட்டோக்காரர்தான நீங்க, எங்களை ஒண்ணு எடுங்க என்றாள் அந்த உயரமான பெண். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எல்லாரையும் நெருங்கி உட்காரச் சொன்னாள். இன்னும் ஒட்டுங்க, இன்னும் என்று இழுத்து இழுத்து வைத்தாள். ஒருத்தியின் கன்னம் இவள் கன்னத்தில், இன்னொருத்தியின் கை இவள் மாரின் குறுக்கே. அந்த உயரமான பெண்ணின் கழுத்தைத் தன் வலது கையால் வளைத்து, ஐந்து விரலும் தெரிய அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எடுங்க. இதுல இருந்து என்ன வெட்டி எடுங்க, பாக்கலாம்."

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா சிரித்தார்கள். அந்த உயரமான பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கேமராதான் தானாகக் குறி வைத்துக்கொண்டது, நான் அழுத்தினேன், அவ்வளவுதான். படத்தை அங்கேயே ஒரு பெண்ணின் போனுக்கு, ஸ்டுடியோ விலாசத்தோடு அனுப்பி வைத்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எல்லைக்கு நடந்தபோது என் மனைவியும் கூட நடந்தாள். ஆண்கள் வந்து மறித்தபோது அவளும் சேர்ந்துதான் திரும்பினாள்.

மழை வந்ததா என்று கேட்பீர்கள். உடனே வரவில்லை. ஆடி கழிந்து ஏதோ பெய்தது, அதுவும் பாதி ஊருக்குப் பெய்து பாதி ஊரை விட்டுவிட்டது.

ஐப்பசியில் ஒருநாள் நாங்கள் இருவரும் ஸ்டுடியோவில் இருந்தோம். அவளுக்கு முடி குச்சி குச்சியாக முளைத்துச் சுருண்டிருந்தது. வயசான ஒரு ஆளும் இளம்பெண் ஒருத்தியும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் போனைத் திறந்து ஏரிப் படத்தைக் காட்டினாள். எங்கள் அம்மாவை மட்டும் இதிலிருந்து எடுத்துக் கொடுங்கள் சார் என்று விரலை வைத்தாள். அந்த உயரமான பெண்ணின் மேல் வைத்தாள். காட்டில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தவள், நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவள்தானாம், எழுந்திருக்கவே இல்லையாம். போனில் எத்தனையோ படம் இருக்கிறது, எல்லாவற்றிலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், இதில்தான் சிரிக்கிறாள் என்றது அந்தப் பெண்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இவள் இல்லை, அவள் என்கிற நிம்மதி. அடுத்த நொடியே என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. என் மனைவி எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போது, எப்படி என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் வெட்டுவதற்குக் கத்தரி வேண்டாம், கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் பின்னால் இருப்பதெல்லாம் மறைந்துவிடும். மற்ற பெண்கள் மறைந்தார்கள், ஏரி மறைந்தது. கழுத்தில் என் மனைவியின் கை மட்டும் நின்றது. ஊசி போட்டுப் போட்டுக் கறுத்த நரம்பு அதில் அப்படியே தெரிந்தது. அதை ஒவ்வொரு விரலாக அழித்து, அடியில் கழுத்தை வரைய வேண்டும். படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சுண்டு விரலில் ஆரம்பித்தேன். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கை இருக்கட்டும்."

உயிரோடு இருக்கிறவங்க கைம்மா, மாலை போடுற படம் என்றேன். அந்த ஆளும் சங்கடப்பட்டு, வேண்டாங்க, உங்களுக்கு ஆகாதுங்க என்றார்.

"ஆகாதுன்னா எனக்குத்தான ஆகாது? நான்தான சொல்றேன். அன்னைக்கு அவங்கதான் கார்க் கதவத் தொறந்து என்ன எறக்குனாங்க. இப்ப அவங்கள மட்டும் தனியா அனுப்பறதா? இருக்கட்டும் விடுங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். கருமாதிக்குப் போயிருந்தோம். சுவரில் அந்தப் படம், சிரித்த முகம், கழுத்தில் ஒரு கை. வந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்த மகள் மாலையைப் போடும்போது, கை மறையாதபடி தூக்கி ஆணியில் சுற்றினாள்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்ததும் என் மனைவி வாசலில், சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரம் நின்றாள். என்னையும் ஒன்று எடுங்கள், தனியாகவே எடுங்கள் என்றாள். வெளிச்சம் சரியில்லை, உச்சி வெயில் என்றேன். பரவாயில்லை, எடுங்கள் என்று நேராகப் பார்த்தாள். எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல முகம் அதுதான். அதை இன்னும் பிரிண்ட் போடவில்லை. என்ன ஆச்சு என்று அவள் கேட்கும்போதெல்லாம் இங்க் தீர்ந்துவிட்டது என்கிறேன். ஸ்டுடியோவுக்கு இங்க் வாங்கி வைப்பது அவள்தான்.